கறிக்கடைக் கொட்டகையில் கோயில் காளை

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் கால்நடைத் துறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானாக வெளியேறவும் மனம் வரவில்லை. காலையில் காபி ஆறுவதற்குள் குழுவைத் திறந்து பார்த்துவிடுவேன். இந்த மாதம் மறுபடியும் அந்தக் குரல் பதிவு சுற்ற ஆரம்பித்திருக்கிறது. மாட்டுக்கறி சாப்பிட்ட ஒருவருக்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பிவிட்டதாம், பாலையும் நிறுத்துங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள் என்று ஒரு பெண் பதறுகிறாள். சில வருடங்களுக்கு முன்னால் வந்த அதே பதிவுதான். நடுவில் வரும் இருமல்கூட மாறவில்லை.

ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் குழுவில் கேட்கிறார்கள். மாட்டு நோய் மனிதருக்குத் தொற்றாது என்று நோட்டீஸ் ஒட்டுங்கள் என்று யாரோ பதில் போட்டார். சரியான பதில்தான். நானும் அந்த நோட்டீஸைச் சுவர் சுவராக ஒட்டியவள். ஒட்டிய பிறகு என்ன நடந்தது என்று குழுவில் எழுதப் போனில் தட்டிப் பார்த்தேன், கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். இதைப் பணிக்காலம் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், அன்னவாசல் வட்டாரத்தில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். பயிற்சியில் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பது, சினை பார்ப்பது, தடுப்பூசி மருந்தைக் குளிர் கெடாமல் ஊருக்குள் கொண்டுபோவது எல்லாம் சொல்லித் தந்தார்கள். கோபத்தில் இருக்கும் ஊருக்கு நடுவில் எப்படி நிற்பது என்று மட்டும் சொல்லித் தரவில்லை. முதல் வருடம், பொம்பளை கை வைத்தால் பால் வற்றிவிடும் என்று ஒருவர் என்னைக் கொட்டகைக்குள் விட மறுத்தார். அவருடைய பசு கன்று போட முடியாமல் தவித்த அன்று, அவரே மொபெட்டில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பயம் என்றால் என்ன என்று பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் உதவி இயக்குநரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அவர் பெயர் குமாரவேலு. ஜீப்பிலிருந்து இறங்கியதும் யாருக்கும் வணக்கம் வைக்க மாட்டார். முதலில் ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். அதில் கிருமிநாசினியை ஊற்றி, ரப்பர் பூட்ஸின் அடியைத் தானே பிரஷ் போட்டுத் தேய்ப்பார். டிரைவர் உதவிக்கு வந்தாலும் விட மாட்டார். பிறகு நோயில்லாத மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நோய் கண்ட மாடு கடைசியில்தான். முதலில் அதைத் தொட்டுவிட்டு நல்ல மாட்டைத் தொட்டால், நோயை நாமே கையில் எடுத்துப் போய்க் கொடுத்ததாகிவிடும் அல்லவா. இத்தனையும் முடியும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது. மாட்டுக்காரர்களுக்கு ஆத்திரமாக வரும். உண்மையைச் சொன்னால் எனக்கும் வரும்.

எல்லாம் முடிந்து கை துடைத்துக்கொண்டே என்னிடம், “பார்த்ததைச் சொல்லுங்க. நினைச்சத அப்புறம் கேட்டுக்கிறேன்” என்பார். மாடு சோர்வாக இருக்கிறது என்று சொன்னால் ஏற்க மாட்டார். காது தொங்குகிறதா, அசைபோடுகிறதா, எச்சில் நூலாக வழிகிறதா, தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று கேட்பார். இந்த மனிதருக்கு மாட்டின் மேல் பிரியமே கிடையாதோ என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

அந்தக் குரல் பதிவு முதன்முதலாகச் சுற்றிய வருடம் தோல் கழலை நோய் எங்கள் பக்கம் வந்தது. மாட்டம்மை என்றார்கள் ஊர்க்காரர்கள். காய்ச்சல் அடித்து, பிறகு உடம்பெங்கும் புளியங்கொட்டை அளவில் கட்டிகள் கிளம்பும். கொசுவும் ஈயும் கடித்து மாட்டுக்கு மாடு பரப்பும். மனிதருக்கு வராது. நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்ளும். இதையெல்லாம் சொல்லச் சொல்ல, சனங்கள் என் வாயைப் பார்க்காமல் தங்கள் போனைப் பார்த்தார்கள்.

மாட்டுச் சந்தையை மூடினார்கள். கேரளாவுக்குக் கறிமாடு ஏற்றிப்போன லாரிகள் பாதி வழியில் திரும்பி வந்தன. சித்தன்னவாசல் சாலையில் மாட்டுக்கறி வறுவல் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், பலகையைத் துணியால் மூடிவிட்டுக் கோழிக்கு மாறினார். பாலுக்குப் பயந்து டீக்கடைகளில் கடுங்காப்பிதான் விற்றது. ஊர் எல்லைகளில் இளவட்டங்கள் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு மாட்டு வண்டி, லாரி எதையும் உள்ளே விடாமல் நின்றார்கள். தடுப்பூசி போடப் போனால் வேறு வம்பு. ஆட்டம்மைக்கு உண்டான மருந்தைத்தான் மாட்டுக்கும் போட்டோம், அப்போது கையில் இருந்தது அதுதான். ஆட்டு ஊசியைப் போட்டு மாட்டை ஆடாக்கப் பார்க்கிறீர்களா என்று ஒரு கிழவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் மாட்டை அவிழ்த்து வரவில்லை.

என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயர் வேண்டாம். அந்த ஊரின் கண்மாய்க்கரை ஓரத்தில் ஆரோக்கியமேரியின் வீடு. கணவர் இறந்த பிறகு அவர் நடத்திய கறிக்கடையை அவளே நடத்தினாள். முன்னால் கடை, பின்னால் கொட்டகை. கறவை நின்ற மாடுகளையும் வயதானவற்றையும் சுற்று ஊர்களில் வாங்கிச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றை அறுப்பாள், மீதியை லாரிக்குக் கொடுப்பாள். மகள் திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

லாரி வராததால் மாடுகள் அவள் கொட்டகையில் தேங்கிப் போயின. கறி வாங்கவும் ஆள் இல்லை. வாங்கியதற்கு வட்டி ஒரு பக்கம், தீவனம் ஒரு பக்கம் என்று அவள் திணறிக்கொண்டிருந்தபோது, ஊரின் மறுகோடியில் ஒரு கலப்பினப் பசுவுக்குக் கட்டி கிளம்பியது. கண்ட ஊர் மாட்டையெல்லாம் கொண்டுவந்து கட்டியிருக்கிற மேரியால்தான் வந்தது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. நான் அவள் மாடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றுக்கும் கட்டி இல்லை, காய்ச்சல் இல்லை. சொன்னேன். நீங்கள் அவளிடம் கறி வாங்குகிறவர்தானே என்றார்கள். நான் வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அதை அங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது.

என் பயமெல்லாம் வேறு ஒன்றின் மேல் இருந்தது. அந்த ஊர் அய்யனாருக்கு ஒரு கோயில் காளை உண்டு. மஞ்சுவிரட்டில் முதலில் அவிழ்த்து விடுவது அதைத்தான், அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் அதன் இஷ்டம். கோயில் காளையைக் கட்டக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. எந்த வீட்டுக் கொட்டகையிலும் நுழையும், எந்தத் தொட்டியிலும் வாய் வைக்கும், சாமியே வந்துவிட்டதாக வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நோய் நேரத்தில் ஊரிலுள்ள அத்தனை கொட்டகைக்கும் போய்வரும் ஒரே மாடு அதுதான். அதைக் கொஞ்ச நாள் கட்டிப் போடச் சொல்லி ஊர் அம்பலத்திடம் கேட்டேன். அம்பலம் என்றால் அந்தப் பக்கம் ஊர்த் தலைமை. கருப்பையா என்று பெயர், நிதானமான மனிதர். அய்யனாருக்கே கயிறு போடச் சொல்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

ஒரு நாள் காலையில் மேரியிடமிருந்து போன் வந்தது. அவள் குரலே சரியில்லை. நான் போனபோது கொட்டகைக்குள் போகாமல் வாசலில் நின்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். உள்ளே அவள் மாடுகளுக்கு நடுவில் கோயில் காளை படுத்திருந்தது. அது அவளிடம் வருவது புதிதில்லை. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அவள் தொட்டியில் எப்போதும் இருக்கும், வெட்டுகிற மாட்டுக்குத் தீனியில் குறை வைக்கமாட்டாள். ஆனால் அன்று அது தின்ன வரவில்லை. திமில் சரிந்து, கண்ணில் பீளை கட்டி, கழுத்திலும் விலாவிலும் கட்டிகளோடு கிடந்தது.

“டாக்டரம்மா, நான் ஒண்ணும் பண்ணல. வெடிய வந்து பாத்தா படுத்திருக்கு. இது இங்கிட்டே செத்துச்சுன்னா என்னைய உசுரோட விடுவாங்களா?”

நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். அவள் மாடுகளுக்கெல்லாம் தெர்மாமீட்டர் வைத்து, கடைசியில் காளைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு, குமாரவேலு சாருக்குப் போன் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஊர் திரண்டுவிட்டது. கறி வெட்டுகிற இடத்தில் கோயில் காளை கிடக்கிறது என்றால் சும்மா இருப்பார்களா. இரண்டு காரியம் நடக்க வேண்டும் என்றார்கள். காளையை டிராக்டரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். மேரியின் மாடுகளை அப்போதே ஊர் எல்லைக்கு அப்பால் ஓட்டிவிட வேண்டும். எல்லைக்கு அப்பால் ஓட்டினால் அடுத்த ஊர் அதன் எல்லைக்கு ஓட்டும். போகிற வழியெல்லாம் நோய் இறங்கும். மேரி தன் கைப்பொருள் அத்தனையும் தெருவோடு போவதைப் பார்க்க வேண்டியதுதான். நான் கொட்டகை வாசலில் குறுக்கே நின்றேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கால் நகரவில்லை, அவ்வளவுதான். யாரோ ஒருவன் பின்னாலிருந்து வேலித் தட்டியைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் ஜீப் வந்தது. சார் இறங்கினார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. அவர் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார்.

பூட்ஸ் தேய்க்க ஆரம்பித்தார் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கே ஒரு பெண்ணின் பிழைப்பு போகப்போகிறது, இவர் குதிகாலைத் தேய்க்கிறாரே என்று. ஒரு பூட்ஸ், இன்னொரு பூட்ஸ். பிறகு மேரியின் மாடுகள். ஒவ்வொன்றின் தோளுக்கு முன்னால் கையை அழுத்தி நெறிகட்டி இருக்கிறதா என்று பார்த்தார், வாலைத் தூக்கித் தெர்மாமீட்டரை வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். கத்திக்கொண்டிருந்தவர்கள் கத்திக் கத்தி அலுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியாகக் காளையிடம் போய் முழங்காலிட்டு உட்கார்ந்து, அதன் காதைத் தொட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பார்த்ததைச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். மேரியின் மாடுகளுக்குக் காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை. காளைக்கு இரண்டும் இருக்கிறது.

பிறகு அவர் அம்பலத்திடம் பேசினார். காளையை ஏற்றி இறக்கினால் வழியிலேயே மூச்சு நின்றுவிடும். அது கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். இந்த மாடுகளும் அதன் பக்கத்தில் இருந்துவிட்டதால், இவை எங்கேயும் நகரக் கூடாது. ஊரிலுள்ள மற்ற நல்ல மாடுகளுக்கெல்லாம் இன்றைக்கே ஊசி. இவ்வளவுதான் சொன்னார். குரல் உயரவே இல்லை. அம்பலம் காளையைக் கும்பிட்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். காளை எழுந்திருக்கிறவரை அந்த இடத்தில் கத்தி எடுக்கக் கூடாது. மேரி சரி என்று தலையாட்டினாள். வாங்கத்தான் ஆள் இல்லையே, இதில் என்ன போகிறது என்று நானும் நினைத்தேன்.

அடுத்து வந்த நாட்களில் எனக்கு உட்கார நேரமில்லை. ஊசி போடும் வேலை ஒரு பக்கம். ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசி முனை அடுத்த மாட்டுக்குக் கூடாது, ஐஸ் பெட்டியை வெயிலில் திறந்து வைக்கக் கூடாது. காலையும் மாலையும் காளையைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு ஊசி போடுவேன். வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவச் சொன்னேன். உடைந்த கட்டிகளுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள், பூண்டு போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சித் தடவ வேண்டும். ஊர்ப் பெண்கள் எண்ணெயைக் காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவந்து வேலிக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே வந்து தடவ ஒருவருக்கும் மனம் வரவில்லை. மேரிதான் தடவினாள். ஈ மொய்க்காமல் வேப்பங்கொழுந்தால் விசிறிக்கொண்டு, “சாமி, எந்திரிச்சிரு சாமி. என் உசுர வாங்காத” என்று அதனிடம் பேசிக்கொண்டே இருப்பாள்.

இடையில் ஒரு நாள் காளை எழுந்து நின்று இரண்டு வாய் பசும்புல் தின்றது. மேரி போனில் சிரித்தாள். மறுநாளே மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று தெரிந்ததும் சாருக்குச் சொன்னேன், அவர் இன்னொரு மருந்து கொண்டுவந்தார். பலிக்கவில்லை. ஒரு மத்தியான வேளையில், மேரி அதன் தலையைத் தன் மடியோரம் சாய்த்து வைத்திருக்கும்போதே காளை போய்விட்டது. அவள் அழவில்லை. வேலியைத்தான் பார்த்தாள்.

கோயில் காளை செத்தால் எங்கள் பக்கம் ஒரு மனிதருக்குச் செய்கிற அத்தனையும் செய்வார்கள். தப்பு அடித்து, வேட்டி மாலை போட்டு, டிராக்டரில் ஊர்வலம் போகும். சுற்று ஊர்க்காரர்கள் தங்கள் காளைகளையும் பிடித்துக்கொண்டு மரியாதை செய்ய வருவார்கள். நோய் நேரத்தில் அப்படி நடந்தால் வட்டாரமே தாங்காது. செத்த மாட்டைச் செத்த இடத்திலேயே புதைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விதி. சாரும் நானும் அம்பலத்தின் முன்னால் கெஞ்சினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலையும் மேளமும் இருக்கட்டும், வெளியூர் மாடு ஒன்றும் வராது, இங்கேயே புதைத்துக்கொள்ளலாம் என்றார். கொட்டகைக்கும் கடைக்கும் நடுவில் மேரியின் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஜேசிபி குழி எடுத்தது. அடியில் சுண்ணாம்பு, மேலே சுண்ணாம்பு. ஊரே அழுதது. மேரியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மடியில் தலை வைத்துத்தான் காளை போனது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் சார், “நல்லா பண்ணுனீங்க” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அது ஒரு முறைதான். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மேரி தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நோய் அடங்கியது. சந்தை திறந்தது. லாரிகள் மறுபடி கேரளாவுக்கு ஓடின. அந்தக் குரல் பதிவை எல்லோரும் மறந்து, கறிக்கடைகளில் பழையபடி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. மேரியின் மாடுகள் ஒன்றுகூடச் சாகவில்லை. கடை திறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வழியாகப் போனேன்.

குழி இருந்த இடத்தில் செங்கல் மேடை கட்டியிருந்தார்கள். மேலே வேல் நட்டு மஞ்சள் துணி சுற்றியிருந்தது. பெண்கள் நாலைந்து பேர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். சினை நிற்காத பசுவுக்கு வேண்டிக்கொள்ளலாமாம். கடைக் கதவு சாத்தியிருந்தது.

மேரி எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அம்பலம் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்தாராம், பின்னால் ஊர்ப் பெரியவர்கள். அந்த வீட்டு வாசலில் அவர்கள் செருப்பைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. “ஆத்தா, ஒன்னைய நாங்க ஒண்ணும் சொல்லல. அய்யனாரு ஊருல இம்புட்டு வீட்டையும் விட்டுட்டு ஒன் வீட்டுலதான் வந்து படுத்துச்சு. அது இருக்குற எடத்துல ரத்தம் விழலாமா, நீயே சொல்லு” என்று கேட்டாராம். அவளை அவர் ஆத்தா என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. திருவிழாவில் முதல் பிரசாதம் இனி அவளுக்குத்தானாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டா அவள் பெயரில் இருக்கிறது, கலெக்டரிடம் மனு கொடுப்போம், நானே கூட வருகிறேன் என்றேன். அங்கே புதைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று பல தடவை யோசித்துவிட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்றும் அரிக்கிறது.

மேரி சாப்பாட்டு வாளியை மூடிக்கொண்டிருந்தாள். விராலிமலையில் வேறு ஒருவர் கடையில் கறி வெட்டக் கூலிக்குப் போகிறாளாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து நின்று, மேடைப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

“கத்திக்கிட்டு வந்தவங்களுக்குக் குறுக்க நீங்க நின்னீங்க, டாக்டரம்மா. கும்புட்டுக்கிட்டு வாரவங்களுக்குக் குறுக்க யாரு நிக்கிறது?”